ஓடுவது கால், இரைப்பது ஏன் நெஞ்சு?

ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு வந்து நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "ஓடினது காலுதானே, நெஞ்சு எதுக்கு இப்படி இரைக்குது?" முதலில் சிரிப்பு வரும். அடுத்து, "ஓடினா இரைக்கத்தானே செய்யும்" என்ற பதில் வரும். விடாமல் கேட்டால் பிள்ளைக்கே சிக்கல் பிடிபடும். உழைத்தது தொடையும் கெண்டைக்காலும். விம்முவதோ இரண்டு முழம் மேலே இருக்கும் நெஞ்சு. இதயம் படபடக்கிறது, முகம் சூடாகிறது, நெற்றி வியர்க்கிறது, நாக்கு வறள்கிறது. காலில் நடந்த வேலை இத்தனை இடத்துக்கும் எப்படித் தெரிந்தது?

மனித உடலைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். பாடநூல்கள் போகும் வழி வேறு. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மனித உறுப்பு மண்டலங்கள்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. எலும்பு, தசை, செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம் என்று மண்டலங்கள் வரிசையாக வருகின்றன. பிள்ளைகள் படம் பார்த்துப் பாகம் குறிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். நுரையீரல் படத்திலிருந்து கால் தசைப் படத்துக்குப் போகும் வழி மட்டும் எந்தப் படத்திலும் கிடைப்பதில்லை.

இது நம் ஊரின் குறை மட்டும் அல்ல. இங்கிலாந்தின் கல்வி ஆய்வாளர்கள் மைக்கேல் ரைஸ், சூ டேல் டனிக்ளிஃப் இருவரும் பிற நாட்டு ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு, 11 நாடுகளில் 7 வயது, 15 வயது மாணவர்களிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து, உடம்புக்குள் என்ன இருக்கிறதென்று வரையச் சொன்னார்கள். முடிவு 2002இல் வெளியானது. இதயம், மூளை, எலும்பு என்று தனித்தனி உறுப்புகளைப் பிள்ளைகள் ஓரளவு நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து மண்டலமாக இயங்குவது அந்தப் படங்களில் மிகக் குறைவாகவே தெரிந்தது.

ஆகவே மண்டலங்களின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓடும் காலைப் பின்தொடர்வோம். எந்த இடத்தில் எந்த மண்டலம் தேவைப்படுகிறதோ அங்கே அது தானாக வந்து சேரும்.

பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, தொடைமேல் அவன் கையையே வைத்துக்கொண்டு முழங்காலை நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கைக்கு அடியில் சதை இறுகுவது தெரியும். தசை சுருங்கி எலும்பை இழுக்கிறது. தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால்தான் காலை நீட்ட முன்தொடையில் ஒரு தசைக்கூட்டம், மடக்கப் பின்தொடையில் இன்னொன்று. உடலில் 600க்கும் மேற்பட்ட தசைகள் இப்படி எலும்புகளோடு பிணைந்திருக்கின்றன. இழுப்பதற்கு ஆற்றல் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது?

1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லாவோசியே, லாப்லாஸ் என்ற இரு அறிவியலாளர்கள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தார்கள். பிறகு, அதே அளவு கரியமில வாயு வரும்வரை மரக்கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று பார்த்தார்கள். இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒத்து வந்தன. மூச்சு விடுதல் என்பது மெதுவாக எரிதலே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது இப்படித்தான். சில ஆண்டுகள் கழித்து லாவோசியே தன் உதவியாளர் செகேனின் முகத்தில் மூடி பொருத்தி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் காலால் மிதிகட்டையை அழுத்தி உழைக்கும்போதும் அவர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை ஒப்பிட்டார். உழைப்பு கூடக்கூட ஆக்சிஜன் செலவும் கூடியது. இந்தச் சோதனையை லாவோசியேயின் மனைவி மரி-ஆன் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. அதில் ஓரமாக மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவரும் அவரே. பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டலாம்.

லாவோசியே ஒன்றைத் தவறாகக் கணித்தார். எரிதல் நுரையீரலுக்குள் நடக்கிறது என்று எண்ணினார். அது உடலெங்கும் உள்ள செல்களுக்குள் நடக்கிறது என்பது 1870களில் ஜெர்மானியர் எட்வர்ட் ஃப்ளூகரின் ஆய்வுகளால் உறுதியானது. நம் கேள்விக்கு இந்தத் திருத்தம் மிகவும் முக்கியம். காற்று வந்து சேருவது நெஞ்சில், எரிவது காலில். நடுவில் யாரோ சுமந்து போகிறார்கள்.

இரத்தம் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்று கேட்டால் பெரியவர்களுக்கே பதில் வராது. அந்தப் பதிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் ஐந்தாம் வகுப்புப் பெருக்கலுக்கு மேல் எதுவும் இல்லை.

இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதையே ஐரோப்பா 1400 ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. சாப்பாட்டிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன, மறுபடி புதிதாக உண்டாகிறது என்பது அவர் கருத்து. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் போகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இபின் அல்-நஃபீஸ் எழுதிவைத்தார். முழுச் சுற்றையும் நிறுவியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவருடைய சிறு நூல் 1628இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சானது.

ஹார்வியின் வாதத்தை இன்றைய எண்களில் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒருவரின் இதயம் ஒருமுறை துடித்தால் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4,900 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 294 லிட்டர். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனில் பதினைந்து! ஒரு மணி நேரத்தில் இவ்வளவு இரத்தத்தைப் புதிதாக உண்டாக்கும் அளவுக்கு யார் சாப்பிட முடியும்? உடலில் உள்ள மொத்த இரத்தமே 5 லிட்டர்தான். அப்படியானால் போன இரத்தமே திரும்பி வருகிறது. ஹார்வி எடுத்துக்கொண்ட எண்கள் இவற்றைவிடப் பல மடங்கு சிறியவை. மிகைப்படுத்தினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று குறைத்தே வைத்தார். அப்படியும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடலில் இருப்பதைவிட அதிகம் என்று காட்ட முடிந்தது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளே போட்டு முடித்துவிட்டு நிமிரும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். கணக்குக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவை அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லித்தர முடியாது.

இரத்தம் ஒரே திசையில் போகிறது என்பதை ஹார்வி காட்டிய முறையையும் வீட்டிலேயே செய்யலாம். சின்னப் பிள்ளைகளின் கையில் சிரைகள் சரியாகத் தெரியாது. தாத்தாவின் கை இதற்குத் தோது. முன்கையில் புடைத்து நிற்கும் ஒரு சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி அந்தச் சிரையை நீவி, மேல் விரலை எடுத்துவிடுங்கள். நீவிய பகுதி அமுங்கியே கிடக்கும், மேலே இருக்கும் இரத்தம் கீழே இறங்காது. அழுத்திய முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து குபுக்கென்று நிறையும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இதயத்தை நோக்கிப் போவதை மட்டும் அனுமதிக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் குழாய்க்குத் தமனி என்றும், திரும்பி வரும் குழாய்க்குச் சிரை என்றும் பெயர். இந்தச் சோதனை முடிந்த பிறகு அந்தப் பெயர்களைச் சொன்னால் மறக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடநூல் படங்களில் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் பூசியிருப்பதைப் பார்த்து, உடம்பில் நீல இரத்தம் ஓடுவதாகவே நம்பும் பிள்ளைகள் ஏராளம். பரிசோதனைக்காகக் கையில் ஊசி குத்தி எடுப்பது சிரை இரத்தம்தான். அது கருஞ்சிவப்பாக இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோலுக்கு அடியில் சிரை நீலமாகத் தெரிவது, தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால். அந்தப் படத்தைக் காட்டும் ஒவ்வொரு ஆசிரியரும் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹார்வியின் வாதத்தில் ஒரு இடைவெளி இருந்தது. தமனியில் போன இரத்தம் சிரைக்குள் எப்படி நுழைகிறது? இரண்டையும் இணைக்கும் வழியை அவரால் பார்க்க முடியவில்லை. 1657இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோஞா நகரில் மார்செல்லோ மால்பிகி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மயிரிழையிலும் மெல்லிய குழாய்கள் பின்னலாக ஓடுவதைக் கண்டார். அவையே தந்துகிகள். இருந்தாக வேண்டும் என்று ஹார்வியின் கணக்கு சொன்ன ஒன்று, இருக்கும் இடத்திலேயே அகப்பட்டுவிட்டது.

தந்துகியில்தான் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. நெஞ்சில் காற்றிலிருந்து ஆக்சிஜன் அதன் வழியாக இரத்தத்துக்குள் இறங்குகிறது. காலில் இரத்தத்திலிருந்து தசைக்குப் போகிறது. இப்படிக் கைமாற நிறையப் பரப்பு வேண்டும். இருக்கும் இடமோ குறைவு. ஆறு கஜப் பட்டுச் சேலையை மடித்து மடித்து ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம் அல்லவா, விரித்தால் கூடம் முழுவதும் பரவும். நுரையீரலுக்குள் முப்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் அப்படித்தான் மடிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் விரித்தால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும், அதாவது 750 சதுர அடி வீட்டின் தரை. சிறுகுடலும் அதே மடிப்பு வேலைதான்: ஆறு மீட்டர் நீளக் குழாய், உட்புறம் மடிப்பு, மடிப்பின்மேல் விரல் போன்ற குடல் உறிஞ்சிகள், அவற்றின்மேல் இன்னும் நுண்ணிய நீட்சிகள். அதன் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பல நூல்களில் இருக்கிறது. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் கவனமாக அளந்து பார்த்ததில் 30 சதுர மீட்டர் அளவே வந்தது. அதுவும் வியப்புக்குரியதுதான், மைதானமாக்கிச் சொல்லத் தேவையில்லை.

"ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறோம், கரியமில வாயுவை வெளியே விடுகிறோம்" என்ற வாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளியே வரும் காற்றில் 16 சதவீதம். முக்கால் பங்கு அப்படியே திரும்பி வருகிறது. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடிவது அதனால்தான். கரியமில வாயு 0.04 சதவீதமாக உள்ளே போய், 4 சதவீதமாக வெளியே வருகிறது. நூறு மடங்கு! இதைக் கண்ணால் காட்டலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கலக்கி, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிநீரை மட்டும் வடித்தெடுங்கள். அதில் குழாய் வைத்து மெதுவாக ஊதினால் நீர் பால் போலக் கலங்கும். ஓடிவிட்டு வந்து ஊதினால் இன்னும் விரைவில் கலங்கும். சுண்ணாம்பு நீர் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால், ஊதுவது பெரியவராக இருக்கட்டும். பிள்ளைகள் நேரத்தைக் குறிக்கட்டும்.

இனி முதல் கேள்விக்கு வரலாம். நெஞ்சை இரைக்க வைப்பது எது? ஆக்சிஜன் குறைந்துபோவது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆக்ஸ்போர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. நுரையீரல் காற்றறைகளில் கரியமில வாயு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு இரட்டிப்பாகியது. மூளையின் அடித்தண்டுப் பகுதி இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவைத்தான் முதன்மையாகக் கண்காணிக்கிறது. தசையில் எரிதல் கூடினால் அந்த வாயு கூடும். அது இரத்தத்தோடு வரும், மூளை உணரும், விலா எலும்புத் தசைகளுக்கும் நெஞ்சின் அடியில் விரிந்திருக்கும் உதரவிதானத்துக்கும் கட்டளை போகும்.

கதை அத்தோடு முடியவில்லை. ஓடத் தொடங்கிய முதல் நொடிகளிலேயே மூச்சு கூடிவிடுகிறது, காலிலிருந்து கரியமில வாயு வந்து சேரக்கூட அதற்குள் நேரமில்லை. 1913இல் டென்மார்க்கின் குரோகும் லிண்ட்ஹார்டும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். காலுக்கு 'ஓடு' என்று சொல்லும் மூளை, அதே கணத்தில் நெஞ்சுக்கும் சொல்லிவிடுகிறது. மூட்டுகளும் தசைகளும் அசையும்போது அவற்றிலிருந்து செல்லும் நரம்புச் செய்தியும் சேர்ந்துகொள்கிறது. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய ஒரு கேள்வி ஆய்வுக்கூடங்களில் இன்னும் முடியவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். அவர்கள் கண் விரியும்.

கரியமில வாயுதான் மூச்சை உந்துகிறது என்ற அறிவு உயிரைக் காக்கும் அறிவு. கிணற்றிலும் குளத்திலும் யார் அதிக நேரம் முங்கியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒருவன் மற்றவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அப்படிச் செய்தால் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. மேலே வரச் சொல்லும் மூச்சுமுட்டல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். சுவாச மண்டலம் என்ற பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால், இதைச் சொல்லுங்கள்.

நின்ற பிறகும் ஏன் இரைக்கிறது? வேகமாக ஓடும்போது தசை ஆக்சிஜன் வரும்வரை காத்திருக்காமல், கைவசம் இருந்த சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிடுகிறது. நின்றபின் அதை ஈடுகட்ட வேண்டும். 1920களில் ஆர்ச்சிபால்ட் ஹில் இதற்கு ஆக்சிஜன் கடன் என்று பெயரிட்டார். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நாடித்துடிப்பை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். ஓடி வந்ததும் அதேபோல, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. எண் படிப்படியாக இறங்குவதைக் குறித்துக்கொண்டே போனால் கடன் அடைவது தாளில் தெரியும்.

இதயம் வேகமாக அடிப்பதோடு, இரத்தம் போகும் பாதைகளும் மாறுகின்றன. ஓய்வில் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எலும்புத் தசைகளுக்குப் போகிறது. கடும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு அங்கே திரும்பிவிடும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் தமனிகள் குறுகிவிடுகின்றன. வயிறு முட்டச் சாப்பிட்டதும் ஓடாதே என்று பாட்டி சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒரே இரத்தத்தைக் காலும் குடலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

எரிவதற்கு ஆக்சிஜன் வந்துவிட்டது. எரிபொருள்? காலையில் தின்ற இட்லி இப்போது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இரைப்பையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம், பிறகு சிறுகுடலில் பல மணி நேரம். அங்கே மாவுப்பொருள் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்துக்குள் போகிறது. உடனே தேவைப்படாததைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற பொருளாகச் சேமிக்கின்றன. பதினோரு மணிக்கு ஓடும் கால் பெரும்பாலும் நேற்றைய சோற்றையும் சேர்த்தே எரிக்கிறது.

இரைப்பைக்குள் நடப்பதை மனிதர் கண்ணால் கண்ட கதை வருத்தமானது. 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைவரை போன துளை மூடவில்லை. மருத்துவம் பார்த்த வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை எடுத்துக் குப்பியில் சூடாக வைத்தால் அங்கேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் வேதிவினைதான் என்பது அதில் தெளிவானது. 1833இல் வந்த அவருடைய நூலில் 238 சோதனைகள் இருக்கின்றன. செயின்ட் மார்ட்டின் ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒப்பந்தம் போட்டு அவரைச் சோதனைக்குக் கட்டிவைத்தார்கள், வீட்டு வேலையும் வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்தது யார் உடலிலிருந்து தெரிந்தது என்பதும் அறிவியல் பாடம்தான்.

எரிந்தால் சூடு வரும். தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் அசைவாகிறது, மீதி வெப்பம். அதை வெளியேற்றத் தோலுக்கு அதிக இரத்தம் போகிறது, முகம் சூடாகிறது, வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும், வழிந்து கீழே சொட்டினால் பயனில்லை. சென்னைப் புழுக்கத்தில் வியர்த்தும் சூடு தணியாததற்குக் காரணம் அதுவே.

வியர்வையில் போன நீரைச் சிறுநீரகங்கள் ஈடுகட்டப் பார்க்கின்றன. நாளுக்கு 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக விட்டு, மற்ற எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுப்புகள் அவை. நீர் குறைந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் அதன் விளைவுகள். கழிவு நீக்க மண்டலத்தை நடத்தும் வகுப்பறைக்குப் பக்கத்தில் பூட்டாத, தண்ணீர் வரும் கழிப்பறை இருந்தாக வேண்டும்.

காலில் நடக்கும் வேலையை இத்தனை உறுப்புகளுக்கும் தெரிவிக்கும் செய்திகள் போகும் வழிகள் இரண்டு. ஒன்று நரம்பு. நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று உடலியல் அறிஞர் யொஹான்னஸ் முல்லர் நினைத்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அளந்தே விட்டார், நொடிக்குச் சுமார் 27 மீட்டர். பிள்ளைகளும் ஒன்றை அளக்கலாம். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். இன்னொருவர் கீழே விரலை விரித்து வைத்திருந்து பிடிக்கட்டும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால், கண் பார்த்து மூளைக்குச் சொல்லி விரல் மூடுவதற்கு 0.2 நொடி ஆகியிருக்கிறது.

இன்னொரு வழி இரத்தம். லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902இல் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, அங்கே அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாதபோதும் கணையம் சுரந்தது. செய்தி இரத்தத்தில் கரைந்து போயிருக்க வேண்டும். ஹார்மோன், அதாவது இயக்குநீர் பற்றிய அறிவு இப்படித் தொடங்கியது. தெருநாய் துரத்தும்போது ஓட்டம் தொடங்கும் முன்பே நெஞ்சு படபடப்பது, நரம்பும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து செய்யும் வேலை.

எலும்பை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தொங்கவிட்ட எலும்புக்கூட்டைப் பார்த்து, எலும்பு என்றால் உயிரற்ற கம்பு என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். 1868இல் எர்ன்ஸ்ட் நாய்மன் எலும்பு மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன என்று கண்டறிந்தார். வளர்ந்த உடலில் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் அங்கே உருவாகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாள். காலுக்கு ஆக்சிஜன் சுமந்துபோகும் அணு, காலைத் தாங்கும் மண்டலத்திலிருந்தே வருகிறது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே எலும்பே தெரியாது. எல்லாம் குருத்தெலும்பு. எட்டுச் சிறு எலும்புகளும் ஒவ்வொன்றாகத் தோன்றி முடிக்க ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு வயதாகும்.

இனப்பெருக்க மண்டலம் வரும்போது பல வகுப்புகளில் பக்கம் புரட்டப்பட்டுவிடுகிறது. தம்பியோ தங்கையோ பிறக்கப்போகும் வீட்டில் பிள்ளை கேட்கும்: "உள்ளே பாப்பா எப்படி மூச்சு விடும்?" இதுவும் முதல் கேள்வியைப் போலவே நல்ல கேள்வி. உறுப்புகளின் பெயரைக் கைக்கும் காலுக்கும் சொல்வதுபோல இயல்பான குரலில் சொல்லிவிட்டு, விடைக்குப் போகலாம். கருப்பைக்குள் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, திரவம்தான். அம்மாவின் நுரையீரல் இழுத்த ஆக்சிஜன், அம்மாவின் குடல் உறிஞ்சிய உணவு, இரண்டும் நஞ்சுக்கொடியில் கைமாறித் தொப்புள்கொடி வழியாக வருகின்றன. குழந்தையின் கழிவை அம்மாவின் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இரண்டு இரத்தமும் நேராகக் கலப்பதில்லை, இடையில் மெல்லிய சவ்வு நிற்கிறது.

நுரையீரல் வேலை செய்யாதபோது அங்கே இரத்தத்தை அனுப்பிப் பயனில்லை. அதனால் குழந்தையின் இதயத்தில் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு நீள்வட்டத் துளை இருக்கிறது, இரத்தத்தில் கணிசமான பங்கு அதன் வழியாகக் குறுக்கே போய்விடுகிறது. ஹார்வியும் 1628 நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறந்து வீறிட்டு அழும்போது நுரையீரல் விரிகிறது, அங்கே இரத்தம் பாய்கிறது, திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தத்தில் அந்தத் துளையின் மடல் போன்ற சவ்வு மூடிக்கொள்கிறது. பிறகு மெல்ல மெல்ல ஒட்டி, ஒரு சிறு பள்ளமாக எஞ்சுகிறது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது முழுதும் ஒட்டாமல் சிறு இடுக்காக நின்றுவிடும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை, மற்றவர்களைப் போலவே ஓடுகிறார்கள், இரைக்கிறார்கள்.